எண்பத்தேழாம் பக்கம்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நானும் மாமாவும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, வீட்டில் எல்லோரும் எப்படி என்று எழுது.

எழுத்தைப் பார்த்துத் திகைத்திருப்பாய். இத்தனை வருடமாக என் பெயரில் உனக்கு வந்த கடிதங்களை எல்லாம் எங்கள் பேருந்து நிலையத்து டைம்கீப்பர் அம்மாதான் எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதோடு சரி. இது நானே எழுதுவது. எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும், பொறுத்துக்கொள். ஐம்பத்தேழு வயதில் இதுதான் என் முதல் கடிதம்.

போன மாதம் ஊழியர்களுக்குக் கண் பரிசோதனை வைத்தார்கள். தூரத்துப் பலகையில் இருந்ததைக் கடைசி வரி வரை மடமடவென்று சொன்னேன். டாக்டர் பெண் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார். வழக்கம்போல எழுத்தெல்லாம் எறும்பாக ஊர ஆரம்பித்தது. "எனக்குப் படிப்பு வராதுங்க" என்றேன். அவர் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு, "இப்ப பாருங்க" என்றார். பார்த்தேன், தம்பி. எறும்பெல்லாம் நின்றுவிட்டது. எழுத்துக்கூட்டி ஒரு வரி முழுக்கப் படித்தேன்.

"இது வயசால வந்தது இல்லம்மா, பிறவியிலேயே இருக்கு. ஸ்கூல்ல யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. கரும்பலகையில் எழுதினால் படிப்பேன், புத்தகத்தைக் கையில் கொடுத்தால் முட்டாள். ஏன் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லையா? "உனக்கு மண்டையில ஏறாதுடி" என்று அப்பா ஆறாம் வகுப்போடு நிறுத்தினார். நானும் நாற்பத்தைந்து வருடம் அதை நம்பினேன். கண்ணில் இருந்த குறையை அறிவில் இருப்பதாக முடிவு செய்தது யார்? கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே. பயணிகள் வண்டியில் விட்டுப்போகிற குடை, பை, ஒற்றைச் செருப்பு, ஒரு முறை பல்செட்டுகூட, எல்லாம் என் தொலைந்த பொருள் அறைக்குத்தான் வரும். புத்தகமும் வரும். இருபது வருடமாகத் தூசி தட்டி அடுக்கினேன். இப்போது எடுத்துப் படிக்கிறேன். ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஆகட்டும்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு கேள்விப்பட்டிருக்கேன். உன் கதை தலைகீழா இருக்கே" என்று மாமா சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சொந்தக் கையால் எழுதும்,
அக்கா


ஜனவரி 30

பேரன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். முதுகுவலி வந்துபோகும் விருந்தாளி, அதை விடு. மாமாவின் இருமல் குறைந்ததா?

உன் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கல்லூரியில் எங்கள் துறையில் எல்லோரிடமும் காட்டினேன். "உங்க அக்காவா!" என்று வியந்தார்கள். முப்பது வருடமாக இலக்கியம் நடத்துகிறவன் வீட்டில் இப்படி ஒரு வாசகி தாமதமாகப் பிறந்திருக்கிறாள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபத்தை விடு. அந்தக் காலத்தில் யாருக்கு என்ன தெரியும்? அப்பா கைநாட்டு. எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த அளவில் நல்லதுதான் நினைத்தார்கள். ஆறிப்போனதைக் கிளறுவதில் யாருக்கும் பயன் இல்லை.

கண்டதையும் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நான்கு புத்தகங்கள் அனுப்புகிறேன். நான்கும் நம் மொழியின் சிகரங்கள். வரிசையாகப் படி, ரசனை தானாக உயரும்.

இன்னொன்று. அப்பாவின் தகரப் பெட்டி உன் கட்டிலுக்கு அடியில்தானே கிடக்கிறது? பூட்டியபடியே எனக்கு அனுப்பிவிடு. பழைய காகிதத்தில் பூச்சி இருக்கும், உன் கண்ணுக்கு ஆகாது. நான் பார்த்து ஒழுங்கு செய்கிறேன்.

என்றும் உன்,
தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் நலம். மாமாவின் இருமல் போய்விட்டது, குறட்டை மட்டும் மிச்சம். உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

உன் சிகரங்கள் வந்து சேர்ந்தன. முதல் சிகரத்தில் ஒருத்தன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறான். நாற்பது பக்கம் பார்க்கிறான். பக்கத்துக்குக் கால் மணி என்றால் நான் பத்து மணி நேரம் அவனோடு நனைந்திருக்கிறேன். எழுந்து போய்த் துணியையாவது எடுக்க மாட்டானா என்று எரிச்சலாக வந்தது. இரண்டாவதில் எல்லோரும் எதையோ சொல்ல வருகிறார்கள், சொல்லாமல் போகிறார்கள். மூன்றாவதில் எனக்குப் புரியாத வார்த்தைகளை எண்ணிக்கொண்டு வந்தேன், பிறகு எண்ணுவதையும் விட்டேன். நான்காவது ஒரு தபால்காரர் கதை. சின்னப் புத்தகம். அதைப் படித்து முடித்து இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. அதற்கு மட்டும் உனக்கு நன்றி.

எனக்குப் பிடித்தது எது என்று கண்டுபிடித்துவிட்டேன். கொலைக் கதை. முதல் பக்கத்தில் பிணம் விழவேண்டும், கடைசிப் பக்கத்தில் யார் என்று தெரிய வேண்டும். போன வாரம் அப்படி ஒன்றை நூற்று நாற்பதாம் பக்கம் வரை படித்திருந்தேன். புத்தகத்தின் சொந்தக்காரன் வந்து நிற்கிறான்! எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. எந்தத் தேதி, எந்த வண்டி, என்ன அடையாளம் என்று எல்லாம் கேட்டேன். சரியாகச் சொல்லித் தொலைத்தான்.

"மேலாளர் கையெழுத்து வேணும், மூணு நாள் கழிச்சு வாங்க" என்று கூசாமல் பொய் சொன்னேன். மூன்று நாளில் முடித்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கும்போது, "அந்தச் சமையல்காரியை நம்பாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். முகம் செத்துப்போய்விட்டது. வேண்டும் அவனுக்கு.

நீயும் ஏதோ புத்தகம் போட்டிருக்கிறாய் என்று உன் வீட்டுக்காரி ஒருமுறை சொன்னாளே. அதை ஏன் அனுப்பவில்லை? பெட்டியை அனுப்புவது சுலபமில்லை, நீ வரும்போது எடுத்துக்கொண்டு போ.

உன்,
அக்கா


மார்ச் 14

அன்பு அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். தேர்வு வேலைகளில் மூழ்கிவிட்டதால் பதில் தாமதம்.

உன் விமர்சனத்தைப் படித்துச் சிரித்தேன். ஆனாலும் தம்பி என்ற உரிமையில் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. கொலைக் கதை என்பது வாசிப்பு அல்ல, பொழுதுபோக்கு. பேருந்தில் படித்துவிட்டுப் பேருந்திலேயே விட்டுப்போகும் சரக்கு. மழையைப் பார்ப்பவனோடு நாற்பது பக்கம் உட்காரும் பொறுமை வந்தால்தான் இலக்கியம் கதவைத் திறக்கும். நீ பாராட்டிய தபால்காரர் கதை அந்த நான்கில் ஆகப் பலவீனமானது. பார்சல் எடை குறைவாக இருந்ததால் சேர்த்துக் கட்டினேன். நீ இப்போதுதான் தொடங்கியிருக்கிறாய், போகப் போகத் தெரியும்.

என் புத்தகம் உனக்குச் சரிப்படாது. கடினமான நடை, மாணவர்களுக்காக எழுதியது. அதில் உனக்கு ஒன்றும் இல்லை.

பெட்டியை நம் சொந்தக்கார டிரைவர் யாரிடமாவது கொடுத்து அனுப்ப முடியாதா? நான் வரத் தாமதமாகும். திறந்துவிடாதே, பூட்டு துருப்பிடித்திருக்கும், கையைக் கிழிக்கும்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டுக் குத்துவது உன் சின்ன வயதுப் பழக்கம். வைத்துக்கொண்டுவிட்டேன்.

எனக்கு என்ன பிடிக்க வேண்டும் என்று சொல்ல நீ யார்? நாற்பத்தைந்து வருடம் பட்டினி கிடந்தவளிடம் வந்து, அதைத் தொடாதே, இதை முதலில் சாப்பிடு என்று இலை ஓரத்தில் நின்று விரலை நீட்டுகிறாய். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சின்ன வயதில் என் முன்னால் புத்தகத்தை ஆட்டிக் காட்டுவாயே, அதே குரல்தான் இந்தக் கடிதத்திலும் கேட்கிறது. பேராசிரியர் ஆனாலும் குரல் மாறவில்லை.

உன் எடைக் கணக்கில் சேர்த்துக் கட்டிய புத்தகம்தான் என்னை இரண்டு நாள் ஊமையாக்கியது. அது பலவீனம் என்றால் எனக்குப் பலவீனமே போதும். எனக்குப் பிடிக்காததையும் எழுதி வைக்கிறேன், கேட்டுக்கொள். நிலாவைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேல் போனால் பிடிக்காது. சாப்பிடாமல் தத்துவம் பேசுகிறவர்களைப் பிடிக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, கதை முழுக்க அடிபட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் எல்லோரையும் மன்னித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற பெண்களைப் பிடிக்கவே பிடிக்காது. அப்படி ஒரு புத்தகத்தைப் போன வாரம் சுவரில் விட்டெறிந்தேன். பிறகு தொலைந்த பொருளாயிற்றே என்று ஓடிப்போய் எடுத்து ஒட்டினேன்.

கொலைக் கதை எனக்கு ஏன் பிடிக்கிறது தெரியுமா? அதில் ஒருத்தனாவது விடாமல் கேட்கிறான். "அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறான். எனக்காக அப்படிக் கேட்க யாருமே வரவில்லை. மாமாவுக்குத் தினமும் வாசித்துக் காட்டுகிறேன். நேற்று, "கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடு, நிம்மதியா சாப்பிடறேன்" என்று கெஞ்சினார். சொல்லவில்லை.

எனக்குச் சரிப்படாத புத்தகத்தை நீயே வைத்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 6

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே நலம்.

நீ அனுப்பாத புத்தகம் தானாக வந்தது. ஏப்ரல் நாலாம் தேதி, நாற்பத்தொன்றாம் எண் வண்டி, பின் இருக்கை. கண்டக்டர் ஒரு குடையோடு சேர்த்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அட்டையில் உன் படம், கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு. யாரோ படித்துவிட்டுப் பேருந்திலேயே விட்டுப்போயிருக்கிறார்கள்.

பெருமையாகத்தான் இருந்தது. பதிவேட்டில் நானே எழுதினேன். டைம்கீப்பர் அம்மாவைக் கூப்பிட்டு, "என் தம்பி!" என்று காட்டினேன். அவர் பொருளடக்கத்தைப் பார்த்துவிட்டு, "உங்களப் பத்தியே எழுதியிருக்காரே!" என்றார். 'எழுத்துக்கு எட்டாத அக்கா.' எண்பத்து மூன்றாம் பக்கத்திலிருந்து எண்பத்தேழு வரை.

கடின நடை என்று ஒன்றும் இல்லை. ஐந்து பக்கத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். என் கை வேலையைப் புகழ்ந்திருக்கிறாய், என் வெள்ளை மனதைப் புகழ்ந்திருக்கிறாய். கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய்: "ஆறாம் வகுப்பு ஆசிரியை அப்பாவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். இவளுக்குப் படிப்பு ஏறாது, வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று. அதை வாசித்துக் காட்டும் பாவம் எனக்கு வாய்த்தது. அக்கா அழவில்லை. எழுத்து அவளைக் கைவிட்டது, அவள் வாழ்க்கையைக் கைவிடவில்லை."

எனக்கு அந்த டீச்சரை நன்றாக ஞாபகம் இருக்கிறது. கரும்பலகையில் எழுதிவிட்டு என்னைத்தான் முதலில் பார்ப்பார். அவரா அப்படி எழுதினார்? இத்தனை நாள் அப்பா முடிவு செய்தார் என்றுதான் நினைத்திருந்தேன். கோபப்பட ஆள் தேடிக்கொண்டிருந்தேன், நீ ஆளைக் காட்டியிருக்கிறாய். அந்தக் கடிதத்தில் வேறு என்ன இருந்தது? உனக்கு ஞாபகம் இருப்பதை எல்லாம் எழுது.

அக்கா


ஏப்ரல் 8

அன்பு அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். கட்டுரை என்றால் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருக்கும். எழுத்தாளனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக்கொண்டு தொங்காதே. டீச்சர் என்ன எழுதினார் என்பது யாருக்கு அப்படியே நினைவிருக்கும்? பாவம், அவரும் இப்போது இருக்கிறாரோ இல்லையோ.

அடுத்த ஞாயிறு நானே வருகிறேன். பெட்டியை எடுத்துக்கொள்கிறேன். அதுவரை அதைத் தொடாதே.

தம்பி


ஏப்ரல் 11

பேராசிரியருக்கு,

ஒவ்வொரு கடிதத்துக்கும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டவர் இரண்டே நாளில் பதில் போட்டுவிட்டீர்கள். ஆனால் தாமதம். ஆறாம் தேதி உங்களுக்குக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பூட்டைச் சுத்தியலால் தட்டினேன். கையைக் கிழிக்கவில்லை.

ஜனவரியிலிருந்து எத்தனை முறை பெட்டி, பெட்டி என்று எழுதினாய்! நான் படித்த எல்லாக் கதைகளிலும், "அந்த அறையைத் திறக்காதீங்க" என்று யார் சொல்கிறானோ அவனைத்தான் கடைசியில் பிடிப்பார்கள். உன் பொழுதுபோக்குச் சரக்கு எனக்கு அதையாவது கற்றுக்கொடுத்தது.

அப்பா எந்தக் காகிதத்தையும் எறிந்ததில்லை, தெரியுமா? எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எது முக்கியம், எது குப்பை என்று எப்படித் தெரியும்? மருந்துச் சீட்டு, பழைய பயணச் சீட்டு, சோப்புக் காகிதம் உட்பட எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறார். அதையும் வைத்திருக்கிறார். படித்தவன் கையில் கிடைத்திருந்தால் எப்போதோ கிழிந்திருக்கும். ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன்:

"பெற்றோருக்கு வணக்கம். உங்கள் மகள் கரும்பலகையில் இருப்பதை வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் படித்துவிடுகிறாள். புத்தகத்தில் இருப்பதைப் படிக்கத் திணறுகிறாள். குறை கண்ணில் மட்டுமே, அறிவில் இல்லை. பள்ளிக்கு வரும் மருத்துவர் கண்ணாடியை இலவசமாகவே தருகிறார். பெற்றோரில் ஒருவர் வந்து கைநாட்டு வைத்தால் போதும். இத்தனை கெட்டிக்காரப் பெண்ணை நான் இந்தப் பள்ளியில் பார்த்ததில்லை. தயவுசெய்து அவள் படிப்பை நிறுத்திவிடாதீர்கள்."

இதைத்தான் நீ அன்றைக்கு அப்பாவுக்கு, "படிப்பு ஏறாதாம்" என்று வாசித்தாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நீ ஒரு மனுஷியை மறைத்தாய்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. நேரில் வந்தால் நீ அழுவாய், நான் தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன், அதோடு முடிந்துவிடும். எழுது. எழுத்தில் எழுது. இப்போது எனக்குப் படிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
எண்பத்தேழாம் பக்கம்


மே 29

அக்காவுக்கு,

ஏழு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். உன் நலம் விசாரிக்க எனக்கு வாயில்லை.

நம் வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அப்பா மட்டும்தான் அதில் உட்காருவார். கடிதம் வந்தால் மட்டும் எழுந்து, "வாங்க ஜட்ஜ் ஐயா" என்று என்னை உட்காரவைப்பார். அம்மா அடுப்பை விட்டுவிட்டு வந்து தரையில் உட்காருவாள், பக்கத்தில் நீ. என் கால் தரையைத் தொடாது. நான் வாயைத் திறக்கும்வரை யாரும் மூச்சுகூட விடமாட்டீர்கள். அந்த வீட்டில் பத்து வயதுப் பையனுக்கு அதைவிடப் பெரிய சுகம் கிடையாது.

அந்தக் கடிதத்தை முதலில் மனதுக்குள் படித்தேன். உனக்குக் கண்ணாடி வந்தால் நீ என்னைவிட நன்றாகப் படிப்பாய், நாற்காலி உனக்குப் போய்விடும். அவ்வளவுதான் அக்கா. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து டீச்சர் வீட்டுக்கே வந்தார். நீ தண்ணீர் எடுக்கப் போயிருந்தாய். "அப்பா வேண்டாம்னுட்டாரு" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

கடிதத்தைக் கிழிக்க நினைத்தேன். அதற்குள் அப்பா வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டார். பிறகு வருடங்கள் போகப் போக, நான் சொன்னதுதான் நடந்தது என்று நானே நம்பிவிட்டேன். கட்டுரை எழுதும்போது அதை நம்பித்தான் எழுதினேன்.

புத்தகம் இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. அந்தக் கட்டுரையை முழுவதுமாக எடுத்துவிடச் சொல்கிறேன். இனி யார் கண்ணிலும் படாது. இது நம் இருவருக்குள் இருக்கட்டும். என் மாணவர்கள் அந்தக் கட்டுரையைப் படித்து அழுதிருக்கிறார்கள், அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? என்னை மன்னித்துவிடு.

தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

உன் முதுகுவலியைப் பற்றிக் கேட்காதது மறந்துபோய் அல்ல.

நாற்காலி வரை எழுதியதை நம்புகிறேன். படிக்கும்போது அழுகையும் வந்தது, மறைக்கவில்லை. அந்தக் கால் எட்டாத பையனை எனக்குத் தெரியும். நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். ஆனால் நம்பித்தான் எழுதினேன் என்கிறாயே, அங்கே பூசி மெழுகாதே. நம்பியவன் எதற்குடா பெட்டியைக் கேட்டாய்?

டீச்சர் வீடு வரை வந்தார் என்று படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அரை நாள் போடவில்லை. ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லையா என்று ஜனவரியில் உனக்கு எழுதினேன். ஒருத்தி கேட்டிருக்கிறாள். வெயிலில் நடந்து வந்து கேட்டிருக்கிறாள். அவளைத் திருப்பி அனுப்பியது போதாது என்று, அவள் எழுதாததை அவள் தலையில் கட்டி அச்சிலும் போட்டுவிட்டாய். இருக்கிறாரோ இல்லையோ என்று அலட்சியமாக எழுதினாயே, இருந்து, உன் புத்தகத்தைப் படித்தால் அந்த மனுஷி என்ன நினைப்பாள்?

பத்து வயதுப் பையன் சொன்ன பொய்யை நான் விட்டுவிடலாம். ஐம்பத்தைந்து வயதுப் பேராசிரியர் அச்சில் ஏற்றிய பொய்யை விட முடியாது. முதல் பொய் என் படிப்பைத்தான் எடுத்தது. இரண்டாவது, எனக்குப் படிப்பே வராது என்று ஊருக்கெல்லாம் சாட்சி சொல்லிவிட்டது.

கட்டுரையை எடுக்காதே. எடுத்தால் எல்லாம் நடக்காத மாதிரி ஆகிவிடும், உனக்கு அதுதான் வேண்டும். கட்டுரை அப்படியே இருக்கட்டும். அதற்குக் கீழே டீச்சரின் கடிதத்தை முழுதாகப் போடு. அதற்குக் கீழே, "நான் இதை மாற்றி வாசித்தேன்" என்று நாலே வார்த்தை போடு. உன் மாணவர்கள் இன்னொரு முறை அழட்டும், இந்த முறை சரியான இடத்தில்.

எங்கள் அறையின் விதி உனக்குத் தெரியாது. பொருள் வந்து மூன்று மாதம் வைத்திருப்போம். உடையவர் வரவில்லை என்றால் பொறுப்பு ஊழியர் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். உன் புத்தகத்துக்கு ஜூலை நாலாம் தேதி கெடு. உனக்கும் அதுதான் கெடு.

அக்கா


செப்டம்பர் 20

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் வீட்டுக்காரி சொன்னாள். இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது என்றும், பக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றும் சொன்னாள். ஐந்து பக்கம் குறைந்திருக்கும். நான் கேட்காமலே எனக்குத் தெரியும்.

ஜூலை நாலாம் தேதி வரை காத்திருந்தேன். ஒற்றைச் செருப்பைத் தேடிக்கூட ஒரு ஆள் வந்தார். உன் புத்தகத்தைத் தேடி யாரும் வரவில்லை, உன் பதிலும் வரவில்லை. ஐந்தாம் தேதி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தை எனக்கு எடுத்துக்கொண்டேன்.

எண்பத்தேழாம் பக்கத்தின் பாதியிலேயே உன் கட்டுரை முடிகிறது, கீழே வெறும் வெள்ளை. அதில் டீச்சரின் கடிதத்தைப் பேனாவால் எழுதினேன். என் எழுத்து பெரிது என்பதால் நெருக்கி நெருக்கி எழுத வேண்டியிருந்தது. கடைசியில், "உண்மையான கடிதம் இதுதான். தம்பி மாற்றி வாசித்தார். எழுதுவது அக்கா" என்று போட்டேன். அன்று சாயங்காலம் நாற்பத்தொன்றாம் எண் வண்டியின் பின் இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினேன். பேருந்தில் விட்டுப்போகும் சரக்கு என்று நீதானே சொன்னாய். இருபது வருடமாக மற்றவர்கள் விட்டதை எடுத்து வைத்தவள், முதல் முறையாக நானே ஒன்றை வேண்டுமென்று விட்டேன்.

மாமா, "இது உனக்கே நியாயமா?" என்றார். "கொலைகாரன் யாருன்னு கடைசிப் பக்கத்துல சொல்லணுமில்ல" என்றேன்.

நேற்று அந்தப் புத்தகம் திரும்பி வந்தது. எந்த வழியாகவோ சுற்றி, பன்னிரண்டாம் எண் வண்டியில் கிடந்ததாம். முனையெல்லாம் மடிந்து, டீக்கறை பட்டு, நிறையக் கை மாறியிருக்கிறது. எண்பத்தேழாம் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். என் எழுத்துக்குக் கீழே, ஓரத்தில், பென்சிலால் யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார்: "அம்மா, தம்பி ஒத்துக்கொண்டாரா?"

எனக்காகக் கேட்க யாருமே வரவில்லை என்று ஒருமுறை உனக்கு எழுதினேன். பெயர் தெரியாத யாரோ கேட்டுவிட்டார்கள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதற்குக் கீழே பதில் எழுதினேன்: "வீட்டுக்குள் ஒத்துக்கொண்டார். வெளியே இன்னும் இல்லை."

இன்று காலை மறுபடி வண்டியில் வைத்துவிட்டேன். அது திரும்பி வரும், கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். நீ பதில் எழுதினால் அதையும் சேர்த்து எழுதுகிறேன். ஓரத்தில் இன்னும் நாலு வரிக்கு இடம் இருக்கிறது.

அக்கா